டிப்போவில் பி.எம். (பிராஞ்ச் மேனேஜர்) சொல்வது நடப்பதில்லை, சங்கச் செயலாளர் சொல்வதுதான் நடக்கிறது. என்ன செய்யலாம்?

ஸ்பேர் கண்டக்டர் எழுதியது:

வணக்கம். அரசு பஸ்ஸில் கண்டக்டர், ஒன்பது வருஷ சர்வீஸ். தெற்கே ஒரு டவுன் டிப்போ. டிப்போ பேர் வேண்டாம், சங்கத்தின் பேரும் வேண்டாம். ஆட்சியில் எந்தக் கட்சி இருக்கிறதோ அந்தக் கட்சியின் சங்கம், அவ்வளவுதான்.

எங்கள் டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நீலக் கலர் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகில் ஒரு டர்க்கி டவல். அது கிளைச் செயலாளர் நாற்காலி. அவர் வராத நாளிலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். வெளியூர் டிரைவர் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார், நாலு பேர் ஓடிப்போய் எழுப்பினோம். ஓடிய நாலு பேரில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

ரெக்கார்டுப்படி அவர் டிரைவர். கடைசியாக ஸ்டியரிங் பிடித்தது எப்போது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. தினமும் ஓ.டி., அதாவது அதர் டூட்டி. கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்துவிடுவார். ஆனால் சாயங்காலம் டூட்டி சார்ட் எழுதும் நேரத்துக்குச் சரியாக உள்ளே போய்விடுவார். யாருக்கு எந்த லைன், யாருக்கு நைட், யாருக்கு ஆஃப், எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் முடிவாகும். பி.எம். நல்ல மனுஷன். கையெழுத்துப் போடுவார்.

நான் நாலு வருஷமாக மதுரை வண்டியில் ரெகுலர். கலெக்‌ஷன் நன்றாக வரும், அதற்குத் தகுந்த பேட்டாவும் வரும். போன வருஷம் மாவட்டச் செயலாளர் பிறந்தநாளுக்கு பிளெக்ஸ் வைக்க ஆளுக்கு ரெண்டாயிரம் கேட்டார்கள். அந்த மாதம் பள்ளி ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, ஐந்நூறுதான் முடியும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல தம்பி, படிப்பு முக்கியம்ல" என்றார். மறுநாள் சார்ட்டில் மதுரை வண்டிக்கு நேராக வேற பேர். நான் ஸ்பேர்.

தெரியாதவர்களுக்கு: ஸ்பேர் என்றால் நமக்கென்று வண்டி கிடையாது. விடிகாலை நாலரைக்கு வந்து பெஞ்சில் உட்கார வேண்டும். யாராவது வராவிட்டால் அந்த வண்டி கிடைக்கும். எல்லாரும் வந்துவிட்டால் "நாளைக்கு வா" என்பார்கள், அந்த நாளை லீவில் கழிப்பார்கள். பேட்டாவிலும் லீவிலும் சேர்த்து மாதம் மூவாயிரத்துக்குக் குறையாமல் எனக்கு நஷ்டம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ரெண்டு நாள் லீவு கேட்டு லெட்டரை பி.எம். மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமலே, "செயலாளர்ட்ட காட்டிட்டியா?" என்று கேட்டார். லீவு கொடுப்பது இவர் அதிகாரம். எங்கள் அம்மா கண்ணுக்கும் அந்த நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?

கூட வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தேர்தல் வரை பொறு, ஆட்சி மாறினால் இவர் ஆட்டம் முடிந்துவிடும் என்கிறார் ஒருவர். மற்ற சங்கத்தில் சேர் என்கிறார் இன்னொருவர். என்னைப் போல மனக்குறை உள்ளவர்கள் ஒரு நாற்பது பேர் தேறுவோம், தனிச் சங்கம் ஆரம்பிக்கலாமா என்றும் பேச்சு ஓடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "வேலையை விட்டுவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

ரெண்டாவது கியர் எழுதியது:

எங்க டிப்போவிலயும் இதே கதைதான், டவல் கலர்தான் வேற. கோபப்படாதீங்க, நான் ரெண்டாயிரத்தைக் கொடுத்துட்டேன். அடுத்த வருஷமும் கொடுப்பேன். லைன் கையில இருந்தா ஒரு மாச பேட்டாவுல அதை எடுத்துரலாம். பொண்ணு பிளஸ் டூ படிக்குது. மானம் எல்லாம் ரிட்டயர்டு ஆனப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கேன்.

---

பழைய விசில் எழுதியது:

தம்பி, நீங்க சொன்ன நாற்காலியில நான் அஞ்சு வருஷம் உட்கார்ந்திருக்கேன். இந்த டிப்போ இல்ல, வேற டிப்போ. 1984ல சேர்ந்து 2018ல ரிட்டயர்டு. எந்த அஞ்சு வருஷம்னு சொல்லமாட்டேன், சொன்னா எந்தக் கொடின்னு கண்டுபிடிச்சிருவீங்க.

யாரும் முதல் நாளே நாட்டாமையா வர்றதில்ல. எங்க டிரைவர் ஒருத்தரை மாட்டு வண்டியில இடிச்சதுக்கு சஸ்பெண்டு பண்ணாங்க. தப்பு அவர் மேல இல்ல. நான் கேட்டுக்கு முன்னால ஒரு நாள் பூரா உட்கார்ந்து ஆர்டரை ரத்து பண்ண வச்சேன். அந்த மாசமே என்னைச் செயலாளர் ஆக்கிட்டாங்க. நியாயமா ஆனேன்னுதான் இப்பவும் நினைக்கேன்.

ஒரு நாள் சாயங்காலம் டூட்டி போடுற கிளார்க் வந்து, "அண்ணாச்சி, நாளைக்கு நாலு ஆள் குறையுது, யாரைப் போட?"ன்னு கேட்டார். உதவியாத்தான் கேட்டார், உதவியாத்தான் சொன்னேன். ஒரு வாரத்துல தினமும் கேட்டார். ஒரு மாசத்துல என்னைக் கேக்காம பேனாவைத் தொடுறதில்ல. அவருக்கு என்ன லாபம்னா, லைன் கிடைக்காதவன் இனிமே அவர்கூட சண்டை போட மாட்டான், என்கூடத்தான் போடணும். பி.எம்.முக்கும் அதே நிம்மதி. அவர் ரெண்டு மூணு வருஷத்துல மாறிப் போயிருவார். நான் எங்கயும் போகமாட்டேன். இதுல யாருகிட்ட டிப்போ இருக்கும்?

காசு வாங்கினீங்களான்னு கேப்பீங்க. வாங்கலைன்னுதான் இன்னைக்கும் வீட்டுல சொல்லிக்கிட்டிருக்கேன். நாட்டுக்கோழி வாங்கினேன். தீபாவளிக்கு வேட்டி வாங்கினேன். மக கல்யாணத்து மொய் நோட்டு இன்னும் பீரோவுல கிடக்கு. அதுல நல்ல லைன் பார்த்தவன் எழுதின தொகையையும் ஸ்பேர்ல கிடந்தவன் எழுதின தொகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா, நான் வாங்கினேனா இல்லையான்னு தெரிஞ்சிரும். ஸ்பேர்ல கிடந்தவன்தான் கூட எழுதியிருக்கான்.

மேல இருந்தும் போன் வரும். "நம்ம பையன் ஒருத்தன், நல்ல வண்டியா பார்த்துக் குடுங்க." அதைச் செய்யலைன்னா நான் செயலாளரா இருக்க முடியாது. எனக்கு மேல இருந்தவருக்கும் அவருக்கு மேல ஒரு போன் இருந்தது. கீழ இருக்கவனுக்கு நான் ராஜா. மேல இருக்கவனுக்கு நானும் ஒரு ஸ்பேர்தான்.

ஆட்சி மாறினா சரியாகும்னு சொல்றாங்கல்ல? 1989, 91, 96, 2001, 2006, 2011 ஆறு தடவை கொடி மாறினதை யூனிபார்மோட நின்னு பார்த்தவன் நான். அதுக்கப்புறம் வந்த 2016ல மட்டும்தான் மாறல. ஒவ்வொரு தடவையும் மரம் அதே மரம். எங்க ஆட்சி போன மூணாம் நாள் காலையில என் நாற்காலியைக் கக்கூஸ் கூரை மேல கவுத்துப் போட்டிருந்தாங்க. கீழ புது நாற்காலி, புது டவல். நான் ஸ்பேர் பெஞ்சுக்கு வந்தேன். நான் எட்டு மாசம் ஸ்பேர்ல போட்டு வதைச்ச ஆள் ஒருத்தர் ஏற்கெனவே அங்க உட்கார்ந்திருந்தார். புது ஆளுக்கும் அவரைப் பிடிக்கல போல. என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, அந்தப் பக்கம் மூட்டைப்பூச்சி உண்டு, இந்த ஓரமா உக்காருங்க"ன்னார். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

(அந்தக் காலத்துல போக்குவரத்துக் கழகங்களுக்கே தலைவர்கள் பேர் உண்டு. சாதிச் சண்டை பெருசாகி 1997ல எல்லாப் பேரையும் எடுத்தாங்க. வண்டி வண்டியா பெயிண்டு அடிச்சு அழிச்சோம். நாற்காலியில இருந்த பேரை மட்டும் யாரும் அழிக்கல.)

அதனால நாற்காலியோட மோதாதீங்க, அந்தச் சார்ட்டைப் பிடிங்க. செயலாளருக்கு இருக்கிற பலம் பூரா அந்த ஒரு தாள்தான். அது சீனியாரிட்டிப்படி எழுதி, வெளியில ஒட்டி, எல்லார் கண்ணுலயும் பட்டா அவர் வெறும் டிரைவர். தினமும் சாயங்காலம் சார்ட்டை போட்டோ எடுங்க. நீங்க மட்டும் எடுத்தா அகப்பட்டுக்குவீங்க. பத்துப் பேர் எடுக்கணும். எதுக்குன்னு கேட்டா, "நாளைக்கு என்ன டூட்டின்னு பொண்டாட்டி கேக்கா"ன்னு சொல்லுங்க.

---

லேபர் கோர்ட் வாசல் எழுதியது:

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பெரியவர் சொன்னதற்கு மேல் சட்டத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தனிச் சங்கத்துக்கு நாற்பது பேர் போதாது. நிறுவனத்தில் வேலை செய்வோரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அது வேண்டும். உங்கள் நிறுவனம் என்பது டிப்போ இல்லை, மொத்தக் கழகம். ஆகவே 100 பேர் தேவை. ஆனால் அந்த நாற்பது பேர் வீண் இல்லை. தனி ஆள் ஒருவரின் டூட்டிப் பிரச்சினையைத் தொழிற்தகராறாக எழுப்ப முடியாது, வேலை நீக்கம் என்றால்தான் தனியாகப் போகலாம். மற்றதற்கு ஒரு சங்கம் பின்னால் நிற்க வேண்டும், அல்லது கணிசமான தொழிலாளர்கள் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். உங்கள் டிப்போ அளவுக்கு நாற்பது கையெழுத்து நல்ல எண்ணிக்கை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் அதைக் கொண்டுபோகலாம்.

எந்தச் சட்டத்தில் என்று கேட்டால்: பழைய தொழிற்தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் "நியாயமற்ற தொழில் நடைமுறைகள்" என்று ஒரு பட்டியல் இருந்தது. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் நிர்வாகம் ஒன்றுக்கு மட்டும் சலுகை காட்டுவது அதில் வரும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பட்டியல் போகவில்லை, அங்கே இரண்டாம் அட்டவணையாக உட்கார்ந்திருக்கிறது. கவனியுங்கள், ஸ்பேரில் போட்டது "இடமாற்றம்" ஆகாது. அதை இடமாற்றம் என்று எழுதினால் மனு அங்கேயே செத்துவிடும். பாரபட்சம் என்று எழுதுங்கள். எதிர்மனுதாரர் செயலாளர் இல்லை, நிர்வாகம். சார்ட்டில் கையெழுத்து பி.எம். உடையது.

அதற்கு முன் ஒரு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் எனக்கு லைன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. கண்டக்டர் சீனியாரிட்டி பட்டியல் நகல், கடந்த ஆறு மாத டூட்டி சார்ட் நகல், இதே ஆறு மாதத்தில் ஓ.டி. கொடுக்கப்பட்ட நாட்கள் எத்தனை, யார் உத்தரவின் பேரில், இவ்வளவுதான் கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் அலுவலகத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சங்கத்துக்குள்ளும் ஒன்று கேட்கலாம். நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது என்று பழைய 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் 2001ல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஆனால் டிப்போ செயலாளர்கள் பலர் தேர்தலில் வருவதில்லை, மேலே இருந்து நியமனக் கடிதத்தோடு வருகிறார்கள். உங்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் கிளை நிர்வாகி எப்படி வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது? சந்தா கட்டுகிற உறுப்பினர் நீங்கள், ஒரு பிரதி கேளுங்கள். இருபது வருஷம் சந்தா கட்டியும் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள்.

---

கேட்மேன் எழுதியது:

ரயில்வேக்காரன். எங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பு உண்டு. 2007, 2013, 2024 என்று மூன்று முறை நடந்தது. எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று தொழிலாளியே ஓட்டுப் போடுகிறான். உங்கள் கழகங்களிலும் அது ஒழுங்காக வந்தால் பாதி நோய் தீரும். 2013க்கும் 2024க்கும் நடுவில் பதினோரு வருஷம். அவ்வளவு நாள் கழித்து எங்கள் கிளைச் செயலாளர் என் கேட்டுக்கே வந்து, வெயிலில் நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, "தம்பி நல்லாயிருக்கியா" என்று கேட்டார். என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

---

பழைய பேப்பர் எழுதியது:

கேட்மேன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டு வேண்டும். ஆனால் ஜெயித்தவருக்கு மொத்த இடத்தையும் எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பம்பாய் இருக்கிறது. 1946 பம்பாய்ச் சட்டப்படி துணி மில் தொழிலாளர்களுக்காகப் பேசும் உரிமை ஒரே சங்கத்துக்கு, காங்கிரஸ் சார்பு ராஷ்ட்ரீய மில் மஸ்தூர் சங்கத்துக்கு. தொழிலாளர்கள் அதை வெறுத்து தத்தா சாமந்த் என்ற வேறொரு சங்கத் தலைவர் பின்னால் போனார்கள். 1982 ஜனவரி 18ல் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அரசாங்கமும் முதலாளிகளும் கடைசி வரை, "பேசுவதென்றால் அங்கீகாரம் பெற்ற சங்கத்தோடுதான்" என்று நின்றுவிட்டார்கள். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடித்துவைக்கப்படவே இல்லை. மில்கள் போன இடத்தில் இன்று மால்கள். புதிய தொகுப்பிலும் 51 சதவீதம் வைத்திருக்கும் சங்கம் தனியாகப் பேசும் சங்கமாகிவிடும். டூட்டி சார்ட்டைக் காட்டி உறுப்பினர் சேர்க்கிற இடத்தில் 51 சதவீதம் எப்படி வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்சிக்காரர் ஏன் சங்கத்துக்குள் வந்தார் என்பதையும் யோசிக்க வேண்டும். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தலைவர் பி.பி. வாடியா, கூட திரு.வி.க. இருவரும் பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள் இல்லை. மில்லுக்குள் இருப்பவன் தலைவரானால் மறுநாள் சீட்டுக் கிழிந்துவிடும், அதனால் வெளியாள் தேவைப்பட்டார். கம்பெனி வாடியா மேலேயே ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. அந்த மாதிரி வழக்கிலிருந்து காப்பாற்றத்தான் 1926 சட்டம் வந்தது, நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்கள் இருக்கலாம் என்றும் வைத்தது. கேடயமாகக் கூப்பிட்டோம். கேடயத்தைப் பிடித்திருந்த கை யாருடையது என்று பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

---

ரெண்டாவது கியர் எழுதியது:

வாடியா எல்லாம் சரி சார், நாளைக்குக் காலையில நாலரைக்கு அவர் வந்து ஸ்பேர் பெஞ்சுல உட்காருவாரா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. பெரியவரே, அந்த மொய் நோட்டு விஷயம் படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு. நான் எங்க செயலாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன மாசம்தான் ஐயாயிரம் எழுதினேன்.

---

ஸ்பேர் கண்டக்டர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரமாக எழுத முடியவில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது, நன்றாக இருக்கிறார். லீவு கடைசியில் பி.எம். தான் கொடுத்தார், "யார்ட்டயும் சொல்லாத" என்று சொல்லிக் கொடுத்தார். லீவு கொடுத்ததை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆர்.டி.ஐ. போட்டாச்சு. வக்கீல் ஆபீஸ்காரர் சொன்ன மூணு கேள்வி மட்டும். இன்னும் பதில் வரவில்லை, நாள் இருக்கிறது. விதிப் புத்தகம் கேட்டேன். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது மண்டலத்துல இருக்கு" என்றார்.

போட்டோ விஷயத்தில் பெரியவர் சொன்னபடியே செய்தேன். முதல் நாள் மூணு பேர், நாலாம் நாள் ஏழு பேர், பிறகு பதினொன்று. இதில் ரெண்டு பேர் நல்ல லைனில் இருப்பவர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் எல்லாரும் ஒரே பதில்: பொண்டாட்டி கேக்கா. கல்யாணம் ஆகாத பையன் ஒருவனும் அதையே சொல்லி மாட்டிக்கொண்டான்.

பதினேழு நாள் எடுத்தோம். அதில் என்னைவிட ஜூனியர் ஆறு பேர் ஒரு நாள்கூட ஸ்பேருக்கு வரவில்லை. பதினேழாம் நாள் சாயங்காலம் செயலாளர் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, நாங்கள் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று போனால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. சார்ட் போர்டைக் கழற்றி உள்ளே டூட்டி ரூமில் வைத்துவிட்டார்கள். வேண்டியவர்கள் ஜன்னல் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமாம். இன்று காலை நாலரைக்கு அந்த ஜன்னலுக்கு முன்னால் இருபத்து மூணு பேர் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாகப் பேரைச் சொல்லி டூட்டி கேட்டோம். முதல் வண்டி இருபது நிமிஷம் லேட்.

வக்கீல் ஆபீஸ்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும்: நாற்பது கையெழுத்தில் முப்பத்தொன்று ஆகிவிட்டது. ரெண்டு சங்கத்து ஆட்களும் போட்டிருக்கிறார்கள். மனுவில் சங்கத்தின் பேரைக் குறிப்பிட வேண்டுமா, விட்டுவிடலாமா?